தாழம்பூவுக்கு ஒரு நியாயம்

திருவண்ணாமலைக்குப் போகிறீர்கள். அண்ணாமலையாருக்குத் தாழம்பூ வாங்கிப் போவீர்களா? மாட்டீர்கள். முடியைப் பார்த்துவிட்டதாக பிரம்மா சொன்ன பொய்க்கு சாட்சி சொன்ன பூவாச்சே! பொய் சாட்சிக்கு நம்ம ஊர் தண்டனை அப்படி.

குத்துச்சண்டையில் கதை நேர்மாறு.

யூஜின் கோரி என்றொரு ரெஃப்ரி இருந்தார். லண்டன் பங்குச்சந்தை புரோக்கர். அங்கே நேஷனல் ஸ்போர்ட்டிங் கிளப்பில் ரெஃப்ரி வெளியே உட்கார்ந்துதான் தீர்ப்பு சொல்வார். 1907ல் கோரி கயிற்றைத் தாண்டி உள்ளே போய் நின்றார். பிறகு தன் அனுபவத்தைத் தன் பெயரிலேயே புத்தகமாகவும் போட்டார். தீர்ப்பு தப்பென்றால் யாரைப் பிடிப்பது என்று ஊருக்கே தெரியும்.

2014, இஞ்சியோன் ஆசியப் போட்டி. அரையிறுதியில் கொரிய வீராங்கனையிடம் நம் சரிதா தேவி தோற்றதாகத் தீர்ப்பு. மேடையில் அழுதுகொண்டே வெண்கலத்தை மறுத்தார். தண்டனை யாருக்கு? சரிதாவுக்கு! ஓராண்டுத் தடை. தராசு சரியில்லை என்று கத்திய வாடிக்கையாளரைக் கடைக்குள் வராதே என்பது என்ன வியாபாரம் சார்?

அதே சர்வதேச சங்கம்தான் 2016 ரியோ ஒலிம்பிக்குக்குப் பிறகு, அங்கே பணியாற்றிய 36 நடுவர்களையும் ஒதுக்கி வைத்தது. ரியோவில் தில்லுமுல்லு நடந்ததென்று 2021ல் விசாரணை அறிக்கையே சொன்னது. 2023ல் ஒலிம்பிக் கமிட்டி அந்தச் சங்கத்தின் அங்கீகாரத்தையே பறித்தது.

எதிர்த்தவரைத் தண்டிக்கும் முன், தீர்ப்பு சொன்னவரை விசாரியுங்கள். இதைத்தான் கேட்கிறோம். பூவையே விடாத ஊர்க்காரர்கள் நாம், நடுவரை மட்டும் விடலாமா?