வாதம் வந்தவரை நடக்க வைக்கும் எந்திரம்! - யாருக்குப் பலன்?

பக்கவாதத்தில் கால் விழுந்தவரை நடக்க வைக்கிறது "லோகோமேட்" எந்திரம். சுவிட்சர்லாந்து நாட்டின் சூரிச் நகரில் உருவானது.

நோயாளியை வாரில் கட்டி, ஓடும் பட்டை மேல் நிறுத்துவார்கள். இடுப்பிலும் முழங்காலிலும் உள்ள மோட்டார்கள் காலை எடுத்து வைக்கும். முன்பு ஆட்கள் குனிந்து உட்கார்ந்து, கையால் பிடித்து நகர்த்திய வேலை இது!

"அப்ப எல்லாரும் எழுந்து நடந்துடலாமா?"

அதுதான் இல்லை! இதுபோன்ற எந்திரங்கள் பற்றிய 62 ஆய்வுகளை (2,440 நோயாளிகள்) காக்ரேன் அமைப்பு 2020-ல் அலசியது. வழக்கமான உடற்பயிற்சி சிகிச்சையோடு எந்திரத்தையும் சேர்த்தால், 8 பேருக்கு ஒருவர் கூடுதலாகத் துணையின்றி நடக்கிறார். அதிகப் பலன் 3 மாதத்துக்குள் வந்தவர்களுக்கும், அறவே நடக்க முடியாதவர்களுக்கும்தான்.

தட்டுத்தடுமாறி நடப்பவர், கடன் வாங்கி ஓடுமுன் யோசிக்கணும். படுத்துவிட்டவர் வீட்டாரோ நாளைக் கடத்தக்கூடாது!