எடை குறைவது நின்றால் ஆபரேஷன் தோற்றுவிட்டதா?

பேரியாட்ரிக் சர்ஜரி எனப்படும் எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் பெரும்பாலோர் ஒரு கட்டத்தைச் சந்திக்கிறார்கள். முதல் சில மாதங்கள் மளமளவென்று இறங்கிய எடை திடீரென்று ஓர் எண்ணில் போய் நின்றுவிடும். சாப்பாடு அதே அளவுதான். நடையும் அதே நடைதான். ஆனால் எடை மெஷினில் இன்று 94, நாளை 94, அடுத்த வாரமும் 94!

இந்த நேரம் பார்த்து ஊரும் உறவும் பேச ஆரம்பிக்கும். "இத்தனை லட்சம் செலவு பண்ணி வயித்தையே வெட்டிக்கிட்டும் இவ்வளவுதானா?" என்பார் ஒருவர். "திருட்டுத்தனமா எதாவது சாப்பிடுறியா?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார் இன்னொருவர். ஆபரேஷன் செய்துகொண்டவருக்கோ, வாழ்க்கை முழுக்க முயன்ற டயட்டுகள் எல்லாம் தோற்று, கடைசி வாய்ப்பும் கைவிட்டுப் போய்விட்டதோ என்ற பயம்.

உண்மை என்னவென்றால், எடை நிற்பது பெரும்பாலும் ஆபத்தில்லை. அந்த நேரத்தில் வரும் வெட்கம்தான் ஆபத்து. அந்த வெட்கத்தில்தான் பட்டினி கிடக்கிறார்கள், மாத்திரையை நிறுத்துகிறார்கள், டாக்டரிடம் போவதையே விட்டுவிடுகிறார்கள்.

முதலில், ஆபரேஷனில் என்னதான் நடக்கிறது?

இன்று அதிகமாகச் செய்யப்படுபவை இரண்டு. ஒன்று ஸ்லீவ். இதில் இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேல் நீக்கிவிட்டு, மீதியை ஒரு குழாய் மாதிரி ஆக்கிவிடுவார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் அதிகம் சுரக்கும் மேல்பகுதியும் இதில் போய்விடுவதால் பசியும் குறைகிறது. இன்னொன்று பைபாஸ். இரைப்பையின் மேல்பகுதியில் ஒரு சின்னப் பையை மட்டும் பிரித்து, அதை நேராகச் சிறுகுடலோடு இணைத்துவிடுவார்கள். இதன் முதல் வடிவத்தை அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் என்ற டாக்டர் 1960களில் செய்தார். ஆக, இது நேற்று வந்த வைத்தியம் இல்லை.

இரண்டுமே சாப்பிடும் அளவைக் குறைக்கின்றன, பசியையும் மாற்றுகின்றன. ஆனால் உடம்பு உடம்புதான். எடை இறங்க இறங்க அதுவும் தன்னைச் சரிசெய்துகொள்கிறது.

ஏன் நிற்கிறது?

ஆபரேஷன் முடிந்த சில வாரங்களிலேயே ஒரு நிறுத்தம் வருவதுண்டு. பலரும் மூன்றாவது வார வாக்கில் இதைச் சொல்வார்கள். இதற்குக் காரணம் கொழுப்பே இல்லை, தண்ணீர்! உடம்பு தன் அவசரத் தேவைக்காகக் கல்லீரலிலும் தசையிலும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்தைச் சேமித்து வைத்திருக்கிறது. ஒரு கிராம் கிளைகோஜனோடு ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரும் சேர்ந்தே இருக்கும். சாப்பாடு திடீரென்று குறையும்போது இந்தச் சேமிப்பு கரைந்து, அந்தத் தண்ணீரும் வெளியேறும். முதல் வாரங்களின் வேகமான இறக்கத்தில் இதற்கும் பங்கு உண்டு. கொஞ்ச நாளில் சாப்பாடு ஒரு நிலைக்கு வந்ததும் உடம்பு அந்தச் சேமிப்பைத் திரும்ப நிரப்பும். தண்ணீரும் திரும்பும். உள்ளே கொழுப்பு கரைந்துகொண்டிருந்தாலும் மெஷினில் எண் அசையாது.

அடுத்தது பல மாதங்கள் கழித்து வரும் நிறுத்தம். இதற்குக் காரணம் சாதாரணக் கணக்கு. 120 கிலோ இருந்தவர் 90 கிலோவுக்கு வந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பு அவர் மாடிப்படி ஏறும்போதெல்லாம் கூடவே 30 கிலோ மூட்டையையும் சுமந்துகொண்டு ஏறினார். இப்போது மூட்டை இல்லை. அதே நடைக்கு, அதே வேலைக்குச் செலவாகும் சக்தி குறைந்துவிட்டது. சும்மா படுத்திருக்கும்போது ஆகும் செலவும் குறைந்துவிட்டது. ஒரு நாள் வரவும் செலவும் சமமாகிவிடும். அன்றைக்கு எடை நிற்கும். இதில் யாருடைய குற்றமும் இல்லை.

இந்தக் கணக்கோடு உடம்பின் தற்காப்பும் சேர்ந்துகொள்கிறது. 1944-45ல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி 36 ஆரோக்கியமான இளைஞர்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தினார். எல்லோரும் போருக்குப் போக மனசாட்சி இடம்தராமல் மறுத்தவர்கள். 24 வாரங்கள் அரைப்பட்டினி. எடை கால்பங்கு குறைந்தது. ஆனால் ஓய்வில் இருக்கும்போது அவர்கள் உடம்பு செலவழித்த சக்தி ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்துவிட்டது! அதாவது எடை குறைந்த அளவைவிட அதிகமாகவே உடம்பு செலவைச் சுருக்கிக்கொண்டது. பஞ்சம் வந்த வீட்டில் அம்மா அரிசியை அளந்து போடுவது மாதிரிதான். உடம்புக்கு டயட்டும் தெரியாது, ஆபரேஷனும் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் பஞ்சம் மட்டுமே.

அறுவை சிகிச்சை ஹார்மோன்களை மாற்றுவதால் இந்த எதிர்ப்பு தணிகிறது. வெறும் டயட்டைவிட இது நீண்ட நாள் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் எதிர்ப்பு முழுவதுமாகப் போய்விடுவதில்லை.

ஸ்வீடன் சொன்ன பதில்

சரி, எடை ஓரிடத்தில் நின்றுவிட்டால் ஆபரேஷன் வீண்தானா? இதற்கு ஸ்வீடனில் 1987ல் தொடங்கிய ஒரு பெரிய ஆய்வு பதில் சொல்கிறது. அதில் 2,010 பேர் ஆபரேஷன் செய்துகொண்டார்கள். அதே மாதிரியான உடல்நிலை கொண்ட 2,037 பேர் வழக்கமான சிகிச்சையில் இருந்தார்கள். முடிவுகள் 2007ல் வெளிவந்தன.

பைபாஸ் செய்துகொண்டவர்களுக்கு முதல் ஓரிரு ஆண்டுகளில் அதிகபட்சமாக 32 சதவீத எடை குறைந்தது. அதோடு நின்றது. பிறகு கொஞ்சம் திரும்பியும் ஏறியது. பத்தாவது ஆண்டில் பார்த்தால் ஆரம்ப எடையிலிருந்து 25 சதவீதக் குறைவு மிஞ்சியிருந்தது. அந்தக் காலத்தில் செய்யப்பட்ட மற்ற வகை ஆபரேஷன்களில் இது 14 முதல் 16 சதவீதம்தான். அந்த ஆய்வில் பெரும்பாலோர் செய்துகொண்டது இந்த மற்ற வகைகளைத்தான் என்பதையும் கவனிக்க வேண்டும்.

அதாவது எடை நின்றது. கொஞ்சம் திரும்பியும் வந்தது. உறவினர் பார்வையில் இவர்களில் பலர் "தோற்றவர்கள்". ஆனால் சராசரியாக ஏறக்குறைய 11 ஆண்டுகள் கவனித்ததில், ஆபரேஷன் செய்யாதவர்களில் 129 பேர் இறந்திருந்தார்கள், செய்துகொண்டவர்களில் 101 பேர். வித்தியாசம் 28 உயிர்கள். எடை மெஷின் இந்தக் கணக்கைக் காட்டுவதே இல்லை!

சர்க்கரை நோயிலும் இதே கதைதான். பல நோயாளிகளுக்கு ஆபரேஷன் முடிந்த சில நாட்களிலேயே, எடை பெரிதாகக் குறையும் முன்பே, சர்க்கரை அளவு இறங்க ஆரம்பிக்கிறது. நன்மைக்கும் மெஷினில் தெரியும் எண்ணுக்கும் உள்ள உறவு நேர்கோடு இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

வெட்கம் செய்யும் வேலை

எடை நின்றதும் பலர் முதலில் செய்வது சாப்பாட்டை இன்னும் குறைப்பது. ஏற்கனவே ஒரு இட்லியில் வயிறு நிறைந்துவிடுகிறது. அதையும் விட்டுவிட்டு வெறும் ஜூஸில் நாளை ஓட்டுவார்கள். விளைவு? புரதம் போதாமல் தசை கரைகிறது. தசை கரைந்தால் உடம்பின் சக்திச் செலவு இன்னும் குறைகிறது. எடை நின்ற காரணத்தையே இன்னும் பலப்படுத்திய மாதிரி ஆகிறது. கூடவே முடி கொட்டும், தலை சுற்றும்.

அடுத்தது இன்னும் மோசம். "டாக்டர் திட்டுவார்" என்று பயந்து செக்கப்புக்குப் போகாமல் இருப்பது. ஆபரேஷனுக்குப் பிறகு பி12, இரும்புச்சத்து, கால்சியம், வைட்டமின் டி எல்லாவற்றையும் வருடக்கணக்கில் ரத்தப் பரிசோதனை செய்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பி12 குறைந்தால் நரம்பு பாதிக்கும். தொடர்ந்து வாந்தி இருந்து தயமின் என்ற பி1 குறைந்துபோனால் மூளையே பாதிக்கலாம். இவையெல்லாம் எடையைவிடப் பெரிய விஷயங்கள். இரண்டு கிலோ குறையாத வெட்கத்தில் இவற்றைக் கோட்டை விடுவது எவ்வளவு பெரிய நஷ்டம், யோசித்துப் பாருங்கள்.

அப்படியென்றால் என்ன செய்வது?

முதலில், தினமும் மெஷினில் ஏறுவதை நிறுத்துவது. உப்பு, மலச்சிக்கல், பெண்களுக்கு மாதவிடாய் என்று எத்தனையோ காரணங்களால் ஒரே நாளில் ஒரு கிலோ ஏறும், இறங்கும். புதிதாக உடற்பயிற்சி ஆரம்பித்தாலும் தசையில் நீர் சேர்ந்து எண் ஏறலாம். வாரத்துக்கு ஒருமுறை போதும். அதோடு ஒரு இஞ்ச் டேப்பை எடுத்து இடுப்பை அளந்து வைத்தால், எடை நின்ற மாதத்திலும் சட்டை தளர்வது தெரியும்.

இரண்டாவது, புரதம். ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. (சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்க வேண்டும்.) ஒரு முட்டையில் 6 கிராம்தான். ஆகவே தட்டில் சோறோ இட்லியோ முதலில் வயிற்றுக்குள் போனால் புரதத்துக்கு இடமே இருக்காது. மீன், முட்டை, கோழி, பனீர், சுண்டல், தயிர் முதலில், மற்றதெல்லாம் பிறகு.

மூன்றாவது, வழுக்கிக்கொண்டு போகும் தீனிகள். சின்ன வயிற்றில் சப்பாத்தி அடைத்துக்கொள்ளும். ஆனால் டீயில் நனைத்த ரஸ்க், மிக்சர், ஐஸ்கிரீம், கூல்டிரிங்ஸ் எதுவும் அடைக்காது. வயிறு நிறைந்த உணர்வே இல்லாமல் கலோரி உள்ளே போய்க்கொண்டே இருக்கும். ஒரு வாரம் சாப்பிட்டதையெல்லாம் நோட்டில் எழுதிப் பார்த்தால் இது தானாகப் பிடிபடும். எழுதுவது மற்றவர்களுக்குக் கணக்குக் காட்ட இல்லை, தனக்கே தெரிவதற்கு.

நான்காவது, நடையோடு கொஞ்சம் தசைக்கும் வேலை. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குவது என்று வீட்டிலேயே தொடங்கலாம். தூக்கமும் முக்கியம்.

இவ்வளவும் செய்து மாதக்கணக்கில் நின்றாலோ, எடை தொடர்ந்து ஏறினாலோ, மறுபடியும் போய் டாக்டரைப் பார்க்க வேண்டும். தைராய்டு காரணமாக இருக்கலாம். இன்சுலின், ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள் எடையைக் கூட்டும். செமாக்ளூடைட் போன்ற புதிய மருந்துகள் ஆபரேஷனுக்குப் பிறகு எடை ஏறியவர்களுக்கும் இப்போது கொடுக்கப்படுகின்றன. அவசியம் என்றால் இரண்டாவது ஆபரேஷனும் உண்டு. எல்லா வழியும் ஆஸ்பத்திரி வாசல் வழியாகத்தான் போகிறது. வெட்கப்பட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு இதில் ஒன்றும் கிடைக்காது.

யார் திருந்த வேண்டும்?

"எடை நிற்பது சகஜம்னு சொல்லிட்டா, அதையே சாக்கா வச்சிக்கிட்டு இஷ்டத்துக்குச் சாப்பிட மாட்டாங்களா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான சந்தேகம்தான். ஆனால் நடைமுறையில் உண்மை தெரிந்தவர் அடுத்த மாதமும் செக்கப்புக்கு வருவார். தான் மட்டும் தோற்றுவிட்டதாக நினைப்பவர்தான் காணாமல் போவார், பிறகு மனம் வெறுத்து இஷ்டத்துக்குச் சாப்பிடுவார். பயமுறுத்தி யாரையும் இளைக்க வைக்க முடியாது. அப்படி முடிந்திருந்தால் சின்ன வயதிலிருந்து கேட்ட கிண்டலுக்கே அவர்கள் இளைத்திருப்பார்கள், கத்தியே தேவைப்பட்டிருக்காது.

ஆஸ்பத்திரிகளுக்கும் இதில் பொறுப்பு உண்டு. விளம்பரங்களில் "முன்பு", "பின்பு" என்று இரண்டே போட்டோக்கள். நடுவில் எடை நின்ற மாதங்களுக்குப் போட்டோவே கிடையாது. கையெழுத்து வாங்கும் முன்பே "இது நிற்கும், இந்தக் காரணத்தால் நிற்கும், நின்றால் எங்களிடம் வாருங்கள்" என்று நோயாளியிடமும் கூட வரும் குடும்பத்திடமும் தெளிவாகச் சொல்லிவிட்டால் பாதி வேதனை குறையும்.

குடும்பம் செய்யவேண்டியது அதைவிட எளிது. "எத்தனை கிலோ குறைஞ்சுது?" என்ற கேள்வியை விட்டுவிட்டு, "முட்டி வலி எப்படி இருக்கு? மாத்திரை போட்டாச்சா? அடுத்த செக்கப் எப்போ, கூட வரட்டுமா?" என்று கேட்டால் போதும். எடை நின்றிருக்கும் மாதங்களில் அவரைத் திரும்பவும் ஆஸ்பத்திரிக்குப் போக வைக்கக்கூடியது இந்த மாதிரிக் கேள்விகள்தான்.