வேலிக்குள் அடங்குமா பறவைகள்?

கொச்சிக்குச் செல்லும் சுற்றுலாப் பயணிகள் மட்டாஞ்சேரி அரண்மனையையும், 1568-இல் எழுந்த யூதர் வழிபாட்டுத் தலத்தையும் காணாமல் திரும்புவதில்லை. கழியின் மறுகரையில், எர்ணாகுளத்தில் உயர் நீதிமன்றத்தை ஒட்டியுள்ள மங்களவனம் பறவைகள் சரணாலயத்துக்குச் செல்வோர் அவர்களுள் மிகச் சிலரே.

2004-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட மங்களவனத்தின் பரப்பு வெறும் 2.74 ஹெக்டேர், ஏழு ஏக்கர்கூட இல்லை. ஆழமற்ற நீர்நிலை, அதைச் சூழ்ந்த அலையாத்தி மரங்கள், கழியின் ஓதநீரைக் கொண்டுவரும் கால்வாய் ஆகியவையே அதன் சொத்து. இராக்கொக்குகளும் நீர்க்காகங்களும் அங்கே கூடு கட்டுகின்றன. பெருநகரின் நடுவே இப்படியோர் இடம் எஞ்சியிருப்பதே அரிது.

ஆனால், கூட்டைக் காத்தால் பறவையைக் காத்ததாகிவிடாது. நீர்ப்பறவைகளுக்கு இரை கிடைப்பது வேலிக்கு வெளியே, கழியோரச் சேற்று நிலங்களிலும் வைப்பின், கடமக்குடித் தீவுகளின் பொக்காளி வயல்களிலும்தான். மழைக்காலத்தில் உவர்ப்பைத் தாங்கும் நெல், அறுவடைக்குப் பின் இறால் என மாறி மாறி விளையும் வயல்கள் அவை. அவை தரிசாகி மனைகளாக மாறினால் சரணாலயத்தில் மரங்கள் இருக்கும், பறவைகள் இரா.

இதனை உணர்ந்த முன்மாதிரி தமிழகத்திலேயே உண்டு. வேடந்தாங்கலில் ஏரி மட்டுமன்றி, அதைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரையிலான பகுதியும் 1998-இல் சரணாலயமாக்கப்பட்டது. 2020-இல் அந்த எல்லையைச் சுருக்க முற்பட்டபோது கடும் எதிர்ப்பு எழுந்ததில் வியப்பில்லை.

கொச்சியில் அந்த அளவுகோல் பொருந்தாது. தேசியப் பூங்காக்களையும் வனவிலங்குச் சரணாலயங்களையும் சுற்றி குறைந்தது 1 கிலோமீட்டர் தொலைவுக்குச் சூழல் உணர்திறன் மண்டலம் தேவை என 2022-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. கேரளத்தில் எழுந்த அச்சம் பெரிது. 2023-இல் நீதிமன்றமே ஆணையைத் தளர்த்தியது. மங்களவனத்தைச் சுற்றி அவ்வாறு கோடு கிழித்தால் நகரின் மையமே அதற்குள் வந்துவிடும். ஆகவே, இங்கே காக்க வேண்டியது வட்டத்தை அல்ல, நீரின் வழியை.

கொச்சிக் கழியை உள்ளடக்கிய வேம்பநாடு 2002 முதல் ராம்சர் ஈரநிலம். 1,51,250 ஹெக்டேர் என்று ஏட்டில் இருந்தும் மாசு தடுக்கப்படவில்லை. வேம்பநாடு, அஷ்டமுடி ஏரிகளைக் காக்கத் தவறியதற்காகத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2023-இல் கேரள அரசுக்கு ரூ. 10 கோடி இழப்பீடு விதித்தது. அறிவிப்பு வேறு, பாதுகாப்பு வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மங்களவனக் கால்வாய் அடைபடாமல், கழிவுநீர் கலக்காமல் இருப்பதை மாநில அரசும் மாநகராட்சியும் உறுதி செய்ய வேண்டும். பொக்காளி உழவர்க்குக் கட்டுப்படியாகும் விலை கிடைக்க மத்திய அரசும் துணை நிற்க வேண்டும். உழவர் வாழ்ந்தால்தான் வயல் நிற்கும். வயல் நின்றால்தான் பறவை வரும். இல்லையேல் நாளை அங்கு வருவோர் காண்பது பறவைகளை அல்ல, பெயர்ப் பலகையை மட்டுமே.