நோயாளி எந்த மொழியில் வலியைச் சொல்வார்?

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவில் தையற்கடை வைத்திருப்பவர் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். கையில் வெளிநாட்டு மருத்துவப் படிப்புக்கு ஏஜென்ட் கொடுத்த வழவழப்பான புத்தகம். "ஆறு வருஷத்துக்கும் சேர்த்து ஒரே பேக்கேஜ். ஹாஸ்டல்ல நம்ம ஊர்ச் சாப்பாடாம். சேத்துடலாமா டாக்டரம்மா?" என்றார். முன்பணம் கட்டப் புதன்கிழமைவரைதான் கெடு. ஊர் மனையை விற்கப் பேச்சும் நடந்துகொண்டிருந்தது.

"படிச்சு முடிச்சா அந்த நாட்டுலயே உனக்கு டாக்டரா பதிவு தருவாங்களா?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. "இங்கதானேம்மா வரப்போறா, அங்க எதுக்குப் பதிவு?" என்றார் அப்பா.

இங்கேதான் பல குடும்பங்கள் வழுக்கி விழுகின்றன. 2021 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட விதிகளின்படி, பட்டம் தந்த நாட்டில் அந்நாட்டவருக்கு இணையாக மருத்துவம் பார்க்கும் தகுதி கிடைத்தால்தான் இங்கே அடுத்த படி. நீட் தேறியிருக்க வேண்டும். படிப்பு குறைந்தது 54 மாதம், ஆங்கில வழியில், ஒரே கல்லூரியில். அதற்குமேல் 12 மாதம் அங்கேயே பயிற்சி. பிலிப்பைன்ஸின் நான்காண்டு எம்.டி. படிப்பு இந்த 54 மாதக் கணக்கில்தான் இடித்தது. ஊர் திரும்பினால் தகுதித் தேர்வு, தேறிய பிறகு இங்கே இன்னொரு 12 மாதம் ஹவுஸ் சர்ஜன் வேலை.

தகுதித் தேர்வில் 300 கேள்வி. 150 சரியாக இருந்தால் போதும், தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதுகூடக் கிடையாது. அப்படியும் பல முறை நான்கில் ஒருவர்கூடத் தேறியதில்லை. பிள்ளைகள் மக்கு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது.

'ஆங்கில வழி' என்று அந்தப் புத்தகத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது. வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கலாம். வார்டில் படுத்திருக்கும் பாட்டி ஆங்கிலம் பேசுவாளா? ரஷ்யாவில் ரஷ்ய மொழி, ஜார்ஜியாவில் ஜார்ஜிய மொழி. வலி எப்போது தொடங்கியது, எங்கிருந்து எங்கே நகர்ந்தது, சாப்பிட்டால் கூடுகிறதா குறைகிறதா... பாதி வைத்தியம் அந்தப் பேச்சில்தான் இருக்கிறது. அது புரியாத மாணவர் ஆறாண்டும் கட்டிலுக்கு இரண்டடி தள்ளியே நிற்பார்.

நான் ஓய்வு பெறுவதற்கு முன், வெளிநாட்டில் படித்துவிட்டு என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒரு பையன் அப்பென்டிசைட்டிஸின் அறிகுறிகளை மூச்சுவிடாமல் ஒப்பித்தான். பெரியவர் ஒருவரின் வயிற்றைத் தொட்டுப் பார்க்கச் சொன்னபோது விரல் நடுங்கியது. "இதுக்கு முன்னாடி எத்தனை வயித்தைத் தொட்டுப் பாத்திருக்கப்பா?" தலையைக் குனிந்துகொண்டான். கெட்டிக்காரப் பையன். சில மாதங்களில் நன்றாகவே கற்றுக்கொண்டான். முதல் ஆண்டிலேயே அந்த ஊர்ப் பேச்சைக் கற்றுக்கொடுத்து நோயாளி பக்கத்தில் உட்கார வைத்திருந்தால், வீடு திரும்பும்போதே அவன் மருத்துவன்.

வெளிநாடு போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அங்கே படித்துவிட்டு வந்து நன்றாக வைத்தியம் பார்ப்பவர்களை எனக்குத் தெரியும். புத்தகத்தின் பின்னட்டையில் அந்தப் பெண்ணை எழுதிக்கொள்ளச் சொன்னேன்: அந்நாட்டில் பதிவு உண்டா, வகுப்பும் பயிற்சியும் எத்தனை மாதம், நோயாளிகளின் மொழியை எந்த ஆண்டில் கற்றுத்தருவார்கள், மூன்றாம் ஆண்டு மாணவர் ஒரு நாளில் எத்தனை நோயாளிகளிடம் பேசுகிறார்.

புதன்கிழமை தையற்கடைக்காரர் பணம் கட்டவில்லை. அந்தக் கல்லூரியில் படித்துவிட்டு இங்கே ஹவுஸ் சர்ஜனாக இருக்கும் யாராவது கிடைப்பார்களா என்று மகள் தேடிக்கொண்டிருக்கிறாள்.