கண் தெரியாதவருக்குக் கதவடைக்கும் இணையத்தளங்கள்!



"ஆன்லைனில் பதியுங்கள்" என்கிறது அரசாங்கம். யார் பதிவது? சுங்கை சிப்புட் பக்கம் பால்மரம் வெட்டி ஓய்ந்த தாத்தாவுக்குச் சர்க்கரை நோயால் பார்வை போய்விட்டது. 2019 தேசிய சுகாதார ஆய்வில் இந்த நோய் அதிகம் காணப்பட்டது இந்தியர்களிடம்தான். கண் போவதும் கால் எடுப்பதும் நம் வீடுகளுக்குப் புதிதா?

2024 ஜனவரி 2ஆம் தேதி 'பாடு' தரவுத்தளத்தைத் திறந்தார்கள். மானியம் யாருக்கு என்று முடிவு செய்யவாம். மார்ச் 31க்குள் பதிய வேண்டும். அடையாளக் கார்டைப் படமெடு, முகத்தைப் படமெடு என்றது அந்தத் தளம். முகம் கேமராவுக்கு நேராக இருக்கிறதா என்று கண் தெரியாதவர் எப்படிப் பார்ப்பார்? கவுண்டர் இருந்ததே என்பார்கள். பழைய தோட்டத்திலிருந்து சக்கர நாற்காலியோடு எந்த பஸ்ஸில் ஏறுவது?

பார்வையற்றவர் திரையைக் காதால் படிக்கிறார். அதற்கான என்.வி.டி.ஏ. மென்பொருள் இலவசம். பார்வையற்றவரான மைக்கேல் கரன் 2006இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கியது. ஆனால் தளத்தைச் செய்தவர் பொத்தானுக்குப் பெயர் வைக்காவிட்டால் அது "பட்டன், பட்டன்" என்று மட்டுமே சொல்லும். அறிக்கையை ஸ்கேன் செய்து வெறும் படமாகப் போட்டால் அதில் உள்ளதைத் தானாகப் படித்துக் காட்டாது. எப்படிச் செய்ய வேண்டும் என்ற உலக வழிகாட்டி 1999இலேயே வந்துவிட்டது. குத்தகை எடுப்பவர்கள் அதைப் படிக்கக்கூடாதா?

நம்மவர்கள் மட்டும் என்ன! கோயில் திருவிழாவா, தமிழ்ப்பள்ளிக் கூட்டமா, எல்லாம் வண்ணப் படம்தான். கீழே இரண்டு வரி எழுத்தாகப் போட்டால் கை வலிக்குமா?

சட்டம் இருக்கிறது. 2008 உடற்பேறு குறைந்தோர் சட்டத்தின் 30ஆம் பிரிவு, தகவலையும் தொழில்நுட்பத்தையும் மற்றவர்களுக்குச் சமமாகப் பெறும் உரிமையைக் கொடுத்தது. அதே சட்டத்தில் 41ஆம் பிரிவையும் எழுதி வைத்தார்கள்: நல்லெண்ணத்தோடு செய்ததற்கோ செய்யத் தவறியதற்கோ அரசாங்கத்தின் மீது வழக்குப் போட முடியாது! ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குவது இதுதான்.

அரசியலமைப்பின் 8(2) பிரிவைப் பாருங்கள். மதம், இனம், வம்சாவளி, பிறந்த இடம், பாலினம் காரணமாகப் பாகுபாடு கூடாது என்கிறது. உடற்குறை அதில் இல்லை. 'பாலினம்' கூட 2001இல்தான் சேர்ந்தது. அன்று ஒரு சொல்லைச் சேர்க்க நாடாளுமன்றத்தால் முடிந்ததே! இன்னொரு சொல்லுக்கு எத்தனை வருடம் காத்திருப்பது? அடுத்த முறை உங்கள் எம்.பி. ஓட்டுக் கேட்டு வரும்போது, கண் தெரியாத அந்தத் தாத்தாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு இதைக் கேளுங்கள்.