முள்ளு அழகா இருந்தா போதுமா பாஸ்?

பழைய டைவிங் வாட்ச் லுக்குல, உங்க கையாலேயே ஒண்ணு ரெடி பண்ண ஆசையா? இந்தக் கிறுக்கு பிடிச்ச முக்கால்வாசிப் பேர் கைவைக்கிறது சீகோ எஸ்.கே.எக்ஸ். 007-லதான். 1996-ல வந்து, 2019-ல தயாரிப்பு நின்னுபோன மாடல். ஆனாலும், அதுக்கான முள்ளு, டயல் எல்லாம் வெளி கம்பெனிக்காரங்க இன்னும் செஞ்சுட்டேதான் இருக்காங்க.

போட்டோவைப் பார்த்து மயங்கி ஆர்டர் போட்டுடாதீங்க. முள்ளோட ஓட்டையைப் பாருங்க! உள்ளே இருக்கிற 7எஸ்26 மெஷினுக்கு மணி முள்ளு 1.50 மி.மீ., நிமிஷ முள்ளு 0.90, விநாடி முள்ளு 0.20. சுவிஸ்காரங்களோட ஈ.டி.ஏ. 2824-க்கும் முதல் ரெண்டு அளவு அதேதான். விநாடி முள்ளு மட்டும் 0.25. ‘ஜஸ்ட் 0.05-தானே’ன்னு மாட்டினா, லொடலொடன்னு ஆடிக் கழண்டுடும். (காசு கொடுத்துக் கத்துக்கிட்டேன், சிரிக்காதீங்க!)

டயலும் அப்படித்தான். இதுல கிரவுன் 4 மணிப் பக்கம் இருக்கு. 3 மணி கிரவுனுக்கான டயலை வாங்கினா, அடியில இருக்கிற காலை வெட்டிட்டு ஒட்டவேண்டியதுதான்.

டிகாஷன் கலர் பூச்சு வேணுமா? சூப்பர் லூமிநோவா கேளுங்க, கதிரியக்கம் கிடையாது. ‘ஒரிஜினல் பழசு’ன்னு யாராவது 1960-க்கு முந்தின முள்ளை நீட்டினா மட்டும் உஷார். ரேடியமா இருக்கலாம். இருட்டுல ஒளிரலைன்னா பூச்சுதான் செத்திருக்கும். ரேடியத்தோட அரை ஆயுள் 1600 வருஷம்! சுரண்டினா தூசி நேரா மூக்குக்குள்ள.

மூடியைத் திறந்தாச்சுன்னா, ‘200 மீட்டர்’ங்கிறதை நம்பிக் குதிக்காதீங்க. ரப்பர் வளையத்தை மாத்தி பிரஷர் டெஸ்ட் பண்ற வரைக்கும், கை கழுவும்போதுகூட கழட்டி வெச்சிடுங்க.