கருவிக்கு முன் கூடு

கடலுக்கடியில் படமெடுக்க ஆசைப்படும் நண்பர்கள் கேட்கும் முதற்கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: எந்தக் கேமராவை வாங்கலாம்? கேனனா, நிக்கானா, எத்தனை மெகாபிக்சல், முழுச்சட்டக சென்சாரா அதனிலும் சிறியதா என்று விவாதம் நீளும். கைப்பணத்தின் பெரும்பகுதியைக் கேமராவுக்குக் கொடுத்துவிட்டு, அதன் பிறகே அதற்குப் பொருந்தும் நீர்புகாக் கூட்டைத் தேடத் தொடங்குவார்கள். இந்த வரிசை தலைகீழானது என்பதே நம் கருத்து. கூட்டை முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தக் கூட்டுக்குள் எது அடங்குமோ அதுவே நமக்கான கேமரா.

எஸ்எல்ஆர் கேமராக்களைப் பற்றி இப்போது பேசுவானேன் என்ற ஐயம் எழலாம். மிரர்லெஸ் வகை சந்தையைக் கைப்பற்றிவிட்டது. கேனனும் நிக்கானும் 2020க்குப் பின் புதிய எஸ்எல்ஆர் மாதிரி எதையும் வெளியிடவில்லை. ஆனால் இதே காரணத்தால்தான் நேற்றுவரை எட்டாக்கனியாக இருந்த உயர்தரக் கருவிகள் கூடும் கண்ணாடியும் விளக்குமாகச் சேர்ந்து இரண்டாங்கை விற்பனைக்கு வருகின்றன. வசதி படைத்தோரின் பொழுதுபோக்காக இருந்த ஒரு கலை, மாதச் சம்பளக்காரர் எண்ணிப் பார்க்கக்கூடிய தொலைவுக்கு வந்திருக்கிறது. எனவே இந்தத் தேர்வைச் சரியாகச் செய்வது முன்னெப்போதையும்விட இப்போது முக்கியமாகிறது.

முதலில் நீர் என்ன செய்கிறது என்று பார்ப்போம். கடல் நிறத்தைப் பறிக்கிறது. ஐந்தாறு மீட்டர் இறங்குவதற்குள் சிவப்பு மங்கிவிடும். இன்னும் ஆழத்தில் செம்மஞ்சளும் மஞ்சளும் அதன் வழியே செல்லும். முப்பது மீட்டரில் விரலில் காயம்பட்டால் கசியும் குருதி கரும்பச்சையாகத் தெரியும் என்பது முக்குளிப்போர் அறிந்த செய்தி. அடுத்து, மிதக்கும் துகள்களால் கடல் தெளிவைக் கெடுக்கிறது. மூன்றாவதாகத் தொலைவைப் பற்றிப் பொய் சொல்கிறது. நீரின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.33 என்பதால், நான்கு மீட்டருக்கு அப்பால் இருப்பது மூன்று மீட்டரில் இருப்பதாகத் தோன்றும்.

இம்மூன்றுக்கும் தெரிந்த மாற்று இரண்டே: அருகில் செல்வது, ஒளியைக் கையோடு கொண்டுசெல்வது. நீரடிப் படங்களில் நம்மைக் கவர்ந்தவற்றுள் மிகப் பல, கை நீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில் எடுக்கப்பட்டவை. ஐந்து மீட்டர் நீரை நடுவில் வைத்துக்கொண்டு நாற்பத்தைந்து மெகாபிக்சலில் எடுத்தாலும், கிடைப்பது அந்தக் கலங்கலின் துல்லியமான பதிவு மட்டுமே.

இந்தக் கலையின் வரலாறே ஒரு வகையில் பெட்டியின் வரலாறுதான். 1856இல் இங்கிலாந்தின் வேமத் கடற்கரையில் வில்லியம் தாம்சன் ஒரு கேமராவைப் பெட்டிக்குள் அடைத்துக் கயிற்றில் கட்டி இறக்கினார். பெட்டிக்குள் நீர் புகுந்தும் மங்கலான ஒரு படம் எஞ்சியது. 1893இல் பிரான்சின் பன்யூல்ஸ் கடலாய்வு நிலையத்தில் லூயி பூட்டான் என்ற விலங்கியலாளர், தம் சகோதரர் வடிவமைத்துத் தந்த கூட்டுடன் தாமே கடலில் இறங்கினார். அவருடைய படங்களுள் சிலவற்றுக்கு அரைமணி நேரம்வரை ஒளிபட வேண்டியிருந்ததாம். அந்தக் குறையைப் போக்கத்தான் மக்னீசிய விளக்கை நீருக்குள் எரியவைக்கும் முயற்சிகளில் அவர் இறங்கினார். 1926இல் அமெரிக்காவின் டிரை டோர்ட்டூகாஸ் தீவுகளருகே லாங்லியும் மார்ட்டினும் ஒரு மீனை முதன்முறையாக வண்ணத்தில் பதிவு செய்தபோது, மிதவையில் வைத்த மக்னீசியத் தூளை வெடிக்கச்செய்தே அதற்கான ஒளியைப் பெற்றனர். இவர்கள் அனைவரும் மல்லுக்கட்டியது இரண்டோடு: நீர் புகாத பெட்டி, போதிய ஒளி. கேமரா அன்றைக்குக் கிடைத்த ஏதோ ஒன்று.

கூடே தேவைப்படாத கேமராவும் ஒரு காலத்தில் இருந்தது. கூஸ்தோவின் குழுவினருக்காக உருவான கலிப்ஸோ கேமராவை நிக்கான் 1963இல் ஏற்று நிக்கோனாஸ் எனப் பெயரிட்டது. 1992இல் வந்த நிக்கோனாஸ் ஆர்எஸ், தானே குவியம் கொள்ளும் எஸ்எல்ஆர். நேராக நீரில் இறக்கலாம். சில ஆண்டுகளிலேயே அதன் உற்பத்தி நின்றது. 2001இல் நிக்கோனாஸ் வரிசையே முடிவுக்கு வந்தது. அதன் எண்ணிம வாரிசு பிறக்கவேயில்லை. ஆகவே நிலத்துக்கென்று செய்த கேமராவைக் கடலுக்கென்று செய்த கூட்டில் வைத்து எடுத்துச்செல்வதே இன்றைய நடைமுறை. அந்தக் கூடுகளைச் செய்வோர் கேமரா நிறுவனங்களோடு ஒப்பிட மிகச் சிறியவர்கள்: ஆஸ்திரியாவின் சுபால், சீகேம், அமெரிக்காவின் ஐக்லைட், கனடாவின் அக்வாட்டிகா, ஹாங்காங்கின் நாட்டிகேம், ஜப்பானின் சீ அண்ட் சீ. ஒரு மாதிரிக்குச் செய்த கூட்டில் இன்னொரு மாதிரி பொருந்தாது. விலையோ பல வேளைகளில் கேமராவைவிடக் கூடுதல்.

அப்படியானால் கூட்டில் எவற்றைக் கவனிக்க வேண்டும்?

முதலில் கண்ணாடி. கூட்டின் முன்முகத்தில் லென்ஸுக்கேற்ப மாற்றிப் பொருத்தும் இந்தப் பகுதியைப் போர்ட் என்பர். சிற்றுயிர்களை மிக நெருக்கத்தில் எடுக்கும் மேக்ரோ லென்ஸுக்குத் தட்டைக் கண்ணாடி போதும். அகலக்கோண லென்ஸின் முன் அதை வைத்தால் ஒளிவிலகலால் கோணம் குறுகும். ஓரங்களில் நிறம் பிரியும். அதற்குக் குவிமாட வடிவக் கண்ணாடி வேண்டும். குவிமாடம் கோணத்தை மீட்டுத் தரும். ஆனால் எதிரிலுள்ள கடல் முழுவதையும் தன் முன்னே சில சாண் தூரத்துக்குள் வளைந்த பொய்ப்பிம்பமாகச் சுருக்கிவிடும். லென்ஸ் அந்தப் பிம்பத்தின் மீதே குவியம் கொள்ள வேண்டும். எனவே மிக அருகில் குவியும் லென்ஸ் தேவை. ஓரங்கள் கலங்காதிருக்க எஃப் 8, எஃப் 11 எனத் துளையைச் சுருக்கவும் வேண்டும். சென்சார் பெரிதாகப் பெரிதாகக் குவிமாடமும் பெரிதாக வேண்டியிருக்கிறது.

இங்கேதான் நம் தேர்வைச் சொல்லிவிடலாம். நிக்கானின் டி850 (2017) முழுச்சட்டகக் கேமரா, 45.7 மெகாபிக்சல். டி500 (2016) சிறிய சென்சார் கொண்டது, 20.9 மெகாபிக்சல். நிலத்தில் பலரும் முன்னதையே விரும்புவர். நீரடியில் நாம் பின்னதையே பரிந்துரைப்போம். அதன் முன் டோக்கினா 10-17 மீன்விழி லென்ஸையும் உள்ளங்கையளவு குவிமாடத்தையும் பொருத்தினால், பவளத்தின் மேல் கண்ணாடி ஏறத்தாழ உரசுமளவு நெருங்கலாம். பெரிய குவிமாடத்தைச் சுமந்துகொண்டு அத்தனை இடுக்குகளில் நுழைய இயலாது. சுமையும் செலவும்கூடக் குறைவு.

அடுத்தது ஒளி. டி500, டி850 இரண்டிலும் உள்ளமைந்த ஃபிளாஷ் கிடையாது. வெளியேயுள்ள ஸ்ட்ரோப் விளக்குகளை ஒளியிழை வழியே இயக்கக் கூட்டினுள் தனியே ஒரு தூண்டுபலகை தேவைப்படும். டி7200 போன்றவற்றில் உள்ளமைந்த ஃபிளாஷே அவ்வேலையைச் செய்துவிடும். விளம்பரத்தில் எவரும் எடுத்துச்சொல்லாத இந்தச் சிறு வேறுபாடு கணிசமான பணத்தை மிச்சப்படுத்தும். விளக்கு ஒன்றைவிட இரண்டு நல்லது. இரண்டையும் நீண்ட கைகளில் பக்கவாட்டில் விலக்கிச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி வைத்தால், துகள்கள் பனிபோல் மின்னிப் படத்தைக் கெடுப்பது குறையும்.

மூன்றாவது பாதுகாப்பு. பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டலம் வீதம் அழுத்தம் கூடுகிறது; முப்பது மீட்டரில் அது மேற்பரப்பில் உள்ளதைப்போல் நான்கு மடங்கு. இத்தனையையும் தாங்கி நிற்பது ஓ-ரிங் எனும் ரப்பர் வளையம். அதன் மேல் ஒரு தலைமயிர் கிடந்தாலும் போதும், கேமரா உப்பில் ஊறிவிடும். கிரீஸைத் தாராளமாகப் பூசினால் நீர் புகாது என்று நினைப்பவர்கள் உண்டு. நீரைத் தடுப்பது அழுந்தியிருக்கும் வளையம்தான். கிரீஸ் அது வழுக்கி உட்காருவதற்கு மட்டுமே, அளவு மிஞ்சினால் மணலைச் சேர்க்கும். கூட்டினுள்ளிருந்து காற்றை உறிஞ்சி, அழுத்தம் மாறாதிருக்கிறதா எனக் கரையிலேயே சோதித்துக்காட்டும் வெற்றிடச் சோதனைக் கருவியை வசதியெனக் கருதாமல் அவசியமெனக் கருத வேண்டும். பழைய கூட்டை வாங்குவோர் கேமராவின் ஷட்டர் எண்ணிக்கையைக் கேட்பதற்கு முன், கூடு கடைசியாக எப்போது பழுதுபார்க்கப்பட்டது, உதிரி வளையங்கள் கிடைக்கின்றனவா என்று கேட்பது நல்லது.

பொருளைப் பொறுத்தவரை, பாலிகார்பனேட் கூடு விலை குறைவு. பெரும்பாலும் ஒளி ஊடுருவுவதால் உள்ளே நீர் கசிந்தால் உடனே தெரியும். அலுமினியக் கூடு உறுதியும் நெருக்கமான விசைகளும் கொண்டது. நிலத்தில் பளு அதிகம். கேமராவை மாற்றும்போது கூடும் போகும். ஆனால் ஒரே நிறுவனத்தின் போர்ட்டுகள் அதன் அடுத்த கூட்டுக்கும் பெரும்பாலும் பொருந்தும். ஆகவே வாங்குவது ஒரு கேமராவை அன்று, ஒரு போர்ட் முறையை என்ற தெளிவு வேண்டும். இயன்றால் அதே மாதிரியில் இன்னொரு பழைய கேமராவையும் வாங்கி வைத்துக்கொள்ளலாம். கூடு இருந்து கேமரா பழுதானால், விலையுயர்ந்த அலுமினியப் பெட்டி ஒன்றுதான் வீட்டில் மிஞ்சும்.

இதற்கு மறுப்பும் உண்டு. மிரர்லெஸ் கேமராவில் எடுத்த படம் கண்முன் திரையிலேயே தெரியும். அசைபடத்துக்கு அது பல மடங்கு மேல். முகக்கண்ணாடி அணிந்த நிலையில் எஸ்எல்ஆரின் காட்சித்துளையில் கண்ணை வைப்பது கடினம் என்பதும் உண்மை. அதற்கெனத் தனிப் பெரிதாக்கி வாங்கவேண்டும். அசைபடமே முதல் நோக்கம் என்பவருக்கு நாம் எஸ்எல்ஆரைப் பரிந்துரைக்கவில்லை. அசையாப் படமே போதும், கைப்பணம் அளவானது என்பவருக்கே இக்கட்டுரை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நீரில் ஏறாமல் இறங்காமல் ஓரிடத்தில் நிற்கும் பழக்கம் வராத ஒருவர் கேமராவோடு இறங்கினால், கண் திரையில் இருக்கும், துடுப்புக்கால் பவளத்தில் இருக்கும். பல ஆண்டுகள் வளர்ந்த கிளை ஓர் உதையில் முறியும். முதலில் சில பத்து முக்குளிப்புகள் வெறுங்கையோடு நடக்கட்டும்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்கலாம். கொற்கை முத்தைச் சங்கப் பாடல்கள் பாடியிருக்கின்றன; தூத்துக்குடிக் குளியாட்கள் தலைமுறை தலைமுறையாக அந்தப் பார்களில் மூழ்கி எழுந்திருக்கிறார்கள். அவர்கள் கண்ட கடலடி நம் கண்ணுக்கு வந்து சேரவேயில்லை. தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையே இருபத்தொரு தீவுகளைச் சுற்றியுள்ள பவளப்பாறைகள் 1986இல் தேசியப் பூங்காவாயின. 2010லும் 2016லும் அங்கே கடல் சூடாகிப் பவளங்கள் வெளுத்தன. 2024 ஏப்ரலில், உலகளாவிய நான்காவது பவள வெளுப்பு நடந்துகொண்டிருப்பதாக அமெரிக்காவின் நோவா அமைப்பு அறிவித்தது. பூங்காவுக்குள் நினைத்தபோது இறங்க முடியாது. அனுமதி வேண்டும், அது சரியும்கூட. ஆனால் அதற்கு வெளியேயும் நம் கரையோரக் கடல் நீண்டு கிடக்கிறது. கலங்கிய நீர்தான். அந்த நீருக்கு ஏற்றது மேக்ரோ லென்ஸும் தட்டைக் கண்ணாடியும் விளக்கும் கொண்ட எளிய கூடு. ஒரு சாண் தூரத்தில் இருக்கும் நண்டையும் கடற்குதிரையையும் இறாலையும் எடுக்க அது போதும். அப்படி எடுக்கப்படும் ஒவ்வொரு படமும், அந்த இடத்தில் அந்த நாளில் அது உயிரோடிருந்தது என்பதற்குச் சான்று. அச்சான்றைச் சேர்க்க முனைவோர் தம் பணத்தைக் கேமராவின் பெயரில் வீணாக்கக்கூடாது என்பதற்காகவே இவ்வளவும் சொல்ல நேர்ந்தது.